வளமா, மனிதரா?

ஏனாத்தூரில், 1993-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயத்தில் மேலாண்மையும் கற்பிக்கப்படுகிறது. திட்டமிடவும் கட்டுப்படுத்தவும் பயிற்றும் அக்கல்வி, உழைப்போரை 'மனித வளம்' என்கிறது. பட்டும் சரிகையும்போல் மனிதரும் வெறும் வளந்தானா?

மரபான காஞ்சிக் கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் இணைக்க, நெசவாளருக்கு அருகே இன்னொருவர் அமர்ந்து நாடா எறிவார். கூலிக் கணக்கில் அவர் ஒரு செலவு. தறியிலோ அவரின்றி அச்சேலை இல்லை. கணக்குப் பொய்யன்று, ஆயினும் முழு உண்மையுமன்று. செலவைக் குறைக்கக் கற்றவர், எதைக் குறைக்கலாகாது என்பதையும் கற்கவேண்டும்.

மூலதனத்தைவிட உழைப்புக்கே முதலிடம் என்று 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் சுற்றுமடலில் கற்பித்தார். அப்படிப்பினை நம் கடைகளுக்கு மட்டுமன்று; உபதேசியாருக்கு ஊதியம் வகுக்கும் நம் பங்குக்கும் உரியது. பிறர் உழைப்பை நிர்வகிக்கும் நாம் கண்காணிப்பாளரே, உடைமையாளர் அல்லோம்.