பளபளப்பு பொய் சொல்லுமா?

பழைய காருக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கப் போறேன் என்று சொன்னால் நண்பர்கள் முதலில் கேட்பது, "கடையில அடிச்ச மாதிரி பளபளன்னு வருமா?" வரும். ஆனால் பளபளப்பு டின்னுக்குள் இருக்கிறது என்று நினைத்தால் வராது.

மேற்பரப்பு மட்டமாக இருந்தால் ஒளி சிதறாமல் திரும்பி வரும், எதிரே நிற்பவன் முகம் தெரியும். நுண்ணிய கீறல் இருந்தால் நாலா பக்கமும் சிதறி மங்கிப்போகும். அதனால் வேலையில் பெரும்பகுதி அடிப்பது அல்ல, தேய்ப்பது. புட்டிக்கு 180, பிறகு 320 சாண்ட்பேப்பர். பிரைமருக்கு மேல் தண்ணீர் விட்டு 600, 800. மெட்டாலிக் நிறம் காய்ந்ததும் மங்கலாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். மின்னுவது அதன்மேல் அடிக்கும் கிளியர் கோட்தான். அது நன்றாக இறுகிய பிறகு 1500, 2000 என்று தேய்த்து, காம்பவுண்ட் போட்டுப் பாலிஷ் செய்யணும். மழைக்கு முந்திய மாலையில் அடித்தால் காற்றின் ஈரம் பட்டு லேக்கர் வெள்ளை பூத்துவிடும்.

ஹார்டனர் கலக்கும் டூ-கே கிளியர் இன்னும் நன்றாக மின்னும். ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது, சாதாரண முகக்கவசம் தடுக்காது. சுவரோடு சுவர் ஒட்டிய தாமான் வீட்டில், பக்கத்து வீட்டுக் குழந்தை சுவாசிக்கும் காற்றில் அதைத் தெளிக்க எனக்கு மனம் வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மங்கலான பெயிண்ட்தான் குறையை மறைக்கும். பளபளப்போ ஒவ்வொரு சொட்டையையும் காட்டிக்கொடுத்துவிடும். அப்படியென்றால் பளபளப்பு நேர்மையானதா? மேற்பரப்பைப் பொறுத்தவரை ஆமாம். அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அது வாய் திறப்பதே இல்லை.

மாமாவின் புரோட்டோன் ஈஸ்வரா 1990களின் வண்டி. (பெயரிலேயே கடவுள். துரு அதற்கெல்லாம் மரியாதை கொடுப்பதில்லை.) கதவுக்குக் கீழே, ஜாக் வைக்கும் இடத்தை ஒட்டி, துரு தகட்டையே தின்று ஓட்டையாக்கியிருந்தது. விற்கப்போகும் வண்டி வேறு. புட்டி பூசி அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

"கேட்டா சொல்லலாம்டா. கேக்கலன்னா நாம ஏன் வாயத் தொறக்கணும்?" என்றார் மாமா.

மாமா பொய் பேசுகிறவர் இல்லை. நம்மில் நிறைய பேருக்கு தர்மம் என்றால் இந்த அளவுதான்: பொய் சொல்லக்கூடாது, சும்மா இருப்பது பாவம் இல்லை. ஆனால் வள்ளுவர் வாய்மையை அளந்த கோல் வேறு. பிறருக்குத் தீங்கு வராததா என்று பார்த்தார். சொல்லுக்கு இந்தக் கோல் பொருந்தும் என்றால் மௌனத்துக்கும் பொருந்தத்தானே வேண்டும்?

அந்தக் கோலை வைத்துப் பார்த்தால் எல்லாப் புட்டியும் ஒன்று இல்லை. கதவில் விழுந்த சொட்டையைப் புட்டி வைத்து நிரப்பிவிட்டுச் சொல்லாமல் இருந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் இந்த மாதிரி காருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடம்பேதான் பாரத்தைத் தாங்குகிறது. பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால் எதிர்த்து நிற்க வேண்டியவற்றில் கதவுக்குக் கீழே உள்ள அந்தப் பகுதியும் ஒன்று. புட்டிக்கு அந்தப் பலம் இல்லை. அடியில் துருவும் நிற்காது, கொஞ்ச நாளில் பெயிண்ட் கொப்பளித்துக் கிளம்பும். வாங்குகிறவர் தன் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் ஓட்டப்போகிறார். அவர் கேட்கவில்லை என்றால் அக்கறை இல்லை என்று அர்த்தமா? கேட்கத் தெரியாதவரிடம் சும்மா இருப்பது, தெரிந்தவரை ஏமாற்றுவதைவிட மோசம் என்பது என் கருத்து. மாமாவிடமும் இதைச் சொன்னேன். "படிச்ச திமிரு" என்றார்.

ஆனாலும் ஒத்துக்கொண்டார். துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய 400 வெள்ளி ஆனது. பிறகுதான் பிரைமர், நிறம், கிளியர், தேய்ப்பு எல்லாம். கார் நன்றாகவே மின்னியது.

பார்க்க வந்தவரிடம் வெட்டுவதற்கு முன் எடுத்த படத்தைக் காட்டினேன். அவர் அந்தப் படத்தைக் காட்டியே விலையில் 500 வெள்ளி குறைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற மாமா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.