நம் சுத்தமும் பிறர் உயிரும்

நாம் ஒளூச் செய்த நீரும் கழிவோடு கலந்து குழியில்தான் சேருகிறது. அங்கே அடைப்பு நேர்ந்தால் இறங்குபவர் யார்? தேங்கிய கழிவில் எழும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் விஷவாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும்.

2018-இல் கேரளத்துப் பொறியாளர்கள் அறிமுகப்படுத்திய 'பேண்டிகூட்' என்னும் இயந்திரத்தை மேலே நின்றபடியே இயக்கலாம். அதன் கேமரா குழியைக் காட்டும். கை சகதியை அள்ளும். நம் கோவை மாநகராட்சியும் இத்தகைய இயந்திரங்களைப் பெற்றுள்ளது.

"இனி நமக்கென்ன பொறுப்பு?" எனலாமா? இயந்திரம் மாநகராட்சியிடம் இருக்கிறது. செப்டிக் டேங்கோ நம் வீட்டில் இருக்கிறது. நாலு காசு மிச்சம் என்று ஓர் ஏழையைப் பாதுகாப்பின்றி அதில் இறக்கினால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாமே குற்றவாளிகள். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"சம்மதித்துத்தானே இறங்கினான்?" என்பது பதிலாகாது. பசி கொடுத்த சம்மதம் சம்மதமல்ல. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் ஐம்பெரும் நோக்கங்களுள் ஒன்று. அது யாருடைய உயிர் என்ற பேதம் அங்கில்லை.

"அவர்கள் பிழைப்பு போகுமே" என்பாரும் உண்டு. இறங்கியவரே இயந்திரத்தை இயக்கப் பழகினால் பிழைப்பும் நிலைக்கும், உயிரும் நிலைக்கும்.

ஆகவே சகோதர சகோதரிகளே! ஆளைத் தேடாமல் கழிவுநீர் உறிஞ்சும் லாரியை அழையுங்கள். பிறர் உயிரைப் பணயம் வைத்துப் பெறும் சுத்தம் நமக்கு வேண்டாம்.