உபயம்

கோயில் டியூப்லைட்டில் பாதி வெளிச்சத்தை உபயதாரர் பெயரே மறைத்துவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் இலவசக் கண் சிகிச்சை முகாம் பேனர்களைப் பார்த்தாலும் அதே நினைப்புதான். தலைவர் முதல் பொருளாளர் வரை வரிசையாகப் படங்கள். பெயர் போட்டுச் செய்வது தர்மமா?

பேனருக்குக் கீழே பார்க்க வேண்டும். அரவிந்த் கண் மருத்துவமனை 1985-இல் தேனிக்கு வந்தது. ஊர் ஊராக அது நடத்தும் முகாம்களுக்கு இடம், விளம்பரம், செலவு என்று தோள் கொடுப்பவை பெரும்பாலும் லயன்ஸ், ரோட்டரி போன்ற சங்கங்கள். பள்ளிக்கூட பெஞ்சில் தோட்டக்கூலிப் பாட்டி ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். புரை என்று தெரிந்தால் அன்றே மருத்துவமனை வண்டியில் ஏற வேண்டியதுதான். ஆபரேஷன், சாப்பாடு, திரும்பும் பயணம் எதற்கும் காசு வாங்குவதில்லை.

லயன்ஸுக்குக் கண் மீது இந்த அக்கறை 1925-இல் பார்வையற்ற ஹெலன் கெல்லர் கேட்டுக்கொண்டதால் வந்தது.

அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கோணிய விரல்களோடு அறுவை செய்தவர். 1976-இல் பதினொரு படுக்கைகளோடு ஆரம்பித்தபோது தன் பெயரை வைக்கவில்லை, குரு அரவிந்தரின் பெயரை வைத்தார். செயலே யோகம் என்ற நம்பிக்கை. சங்கத்துக்காரர்களிடம் அந்த அளவுக்கு எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

முகாம் முடிந்ததும் பேனர் ஏதோ ஒரு மாட்டுக்கொட்டகைக் கூரைக்குப் போகும், படங்கள் உள்பக்கமாக.