மறுக்க முடியாத பறவை

நார்கொண்டம் தீவுக்குப் போவது என்று நாங்கள் மூன்று பேர் முடிவெடுத்தது புதியம்புத்தூரில், ஒரு டீக்கடை பெஞ்சில். ரெடிமேட் துணிக்குப் பேர்போன ஊர். தெருவுக்குத் தெரு தையல் மெஷின் ஓடும். நான் கட்டிங் வேலை பார்க்கிறவன். ஒரு தீபாவளி சீசன் முழுக்க ராத்திரி வேலை பார்த்த காசில் செகண்ட் ஹேண்டாக ஒரு 150-600 லென்ஸ் வாங்கியிருந்தேன். மற்ற இருவரில் ஒருவன் கல்யாண போட்டோகிராபர். இன்னொருவன் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறான். மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு கனவு இருந்தது. நார்கொண்டம் இருவாச்சி.

வடக்கு அந்தமானிலிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, தனியாகக் கிடக்கிற எரிமலைத் தீவு அது. பரப்பு ஏறக்குறைய 7 சதுர கிலோமீட்டர்தான். உச்சி 710 மீட்டர். ஒரு போலீஸ் காவல் நிலையைத் தவிர மனிதக் குடியிருப்பு கிடையாது. 1977இல் சரணாலயமாக அறிவித்தார்கள். இந்த இருவாச்சிக்கு உலகத்தில் வேறு வீடு இல்லை. முன்பு சில நூறு என்றார்கள். அண்மைக் கணக்கெடுப்புகள் ஆயிரத்தை ஒட்டிச் சொல்கின்றன. எங்கள் ஊர்க் கொடைக்கு ஒரு ராத்திரியில் கூடுகிற கூட்டத்தைவிடக் குறைவு.

வனத்துறை அனுமதி, படகு, கடல் அடங்கியிருக்கும் மாதம், ஆளுக்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினோம். தேதி பற்றிப் பேசும்போதுதான் கல்யாண போட்டோகிராபர் சொன்னான்:

“மாப்ள, பிப்ரவரி, மார்ச்சுல போனாத்தான் சரி. அது கூடு வைக்கிற நேரம். கூட்டு மரம் ஒண்ணு கெடச்சா போதும், கீழயே உக்காந்துரலாம். ஆம்பளப் பறவை வந்தே ஆகணும்லா.”

அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. ராத்திரி படுத்த பிறகு அந்த “வந்தே ஆகணும்” மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

ஏன் வந்தே ஆக வேண்டும்? பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய், வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். உள்ளே பறக்கும் இறகுகளை உதிர்த்துவிட்டு முட்டையோடு இருக்கும். ஆண் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும். அது வராவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்குச் சோறு இல்லை. எங்கள் படத்துக்கு உத்தரவாதம் என்று நாங்கள் நம்பியது அந்தப் பறவைக்கு வேறு வழியில்லை என்பதைத்தான்.

பார்ப்பதால் எதுவும் குறைந்துவிடாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வேட்டைக்காரன் எடுக்கிறான், நாம் எடுப்பது படம்தானே. ஆனால் அரிய பறவை மீதான ஆசைக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. பறக்கத் தெரியாத பெரிய ஆக் என்ற கடற்பறவை அரிதாக ஆக, சேகரிப்பாளர்களிடமும் அருங்காட்சியகங்களிடமும் அதன் விலை ஏறியது. 1844 ஜூனில் ஐஸ்லாந்துக்கு அருகே எல்டே என்ற பாறைத்தீவில், சேகரிப்பாளருக்காகப் போன ஆட்கள் ஒரு ஜோடியைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். முட்டை உடைந்துபோனது. அந்த இனத்தின் கடைசி ஜோடி என்று அறியப்படுவது அதுதான். வாங்கக் காத்திருந்தவர்கள் பறவைகளை வெறுத்தவர்கள் இல்லை, ஆசைப்பட்டவர்கள். என் கையில் இருப்பது கேமரா, கண்ணி இல்லை. வித்தியாசம் பெரியதுதான். ஆனாலும் “இது இன்னும் கொஞ்ச நாள்தான், அதற்குள் எனக்கு ஒன்று வேண்டும்” என்ற அந்த அவசரத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

அவ்வளவு தூரம் படகில் போவது எப்படி இருக்கும் என்று விசாரிக்கத் தருவைக்குளம் போனேன். எங்கள் ஊரிலிருந்து பைக்கில் போய்விடும் தூரம். வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“தம்பி, இங்கனயே தீவு இருக்கு. எங்க அப்பா காலத்துல அதுல எறங்கி கஞ்சி காச்சிக் குடிச்சிருக்கோம். இப்போ நாங்க எறங்குனா கேஸு. நீங்க கேமராவோட எறங்குனா மட்டும் அனுமதியாக்கும்?”

மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சொன்னார். 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகள். அவற்றில் இரண்டு இப்போது தண்ணீருக்குள். ஒன்று தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லி. சுற்றியிருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் பல வருஷம் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கக் கல் இல்லாமல் தீவு கரைந்தது. தடை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கேயே பிழைத்தவருக்கு மூடிய கதவு, ஆசைப்பட்டு வருகிறவனுக்கு ஒரு கடிதத்தில் திறக்கலாம் என்று நான் நம்பியிருந்தது எப்படி? பெரியவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

நண்பர்களிடம் சொன்னேன். கணக்கு எழுதுகிறவன் விடவில்லை. “எவனும் போகலன்னா அங்க என்ன நடக்குன்னு எவனுக்குலே தெரியும்?” என்றான். நியாயமான கேள்வி. கடலோரக் காவல்படை அந்தத் தீவில் ரேடார் அமைக்கக் கேட்டபோது, 2012இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. அங்கே போய்ப் பார்த்து, எண்ணி, எழுதியவர்கள் இருந்ததால்தான் மறுப்புக்கு ஒரு காரணம் இருந்தது. 2014இல் ஆட்சி மாறியதும் முடிவும் மாறியது. அது வேறு விஷயம். யாரும் பார்க்காத பறவைக்காக யாரும் பேசப்போவதில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் படங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. என் படம் இருவாச்சிக்குத் தேவையில்லை. எனக்குத் தேவை. இதை ஒப்புக்கொள்ளாமல் “விழிப்புணர்வு” என்று சொல்லிக்கொண்டு போவதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

இதற்கிடையில் ஒரு காரியம் நடந்தது. குளிர்காலத்தில் எங்கள் கரிசல் காட்டுக்கு மத்திய ஆசியாவிலிருந்து பூனைப்பருந்துகள் வரும். பகலெல்லாம் உளுந்துக் காட்டுக்கும் சோளக் காட்டுக்கும் மேலே தாழப் பறந்து வெட்டுக்கிளி பிடிக்கும். பொழுது சாய்ந்தால் தரிசில், தரையிலேயே, கூட்டமாக அடையும். டிசம்பரில் ஒருநாள் சாயங்காலம் அப்படி ஒரு தரிசில் குப்புறப் படுத்திருந்தேன். நல்ல படங்கள் கிடைத்துவிட்டன. எழுந்து வந்திருக்கலாம். இன்னும் ஒன்று, இன்னும் கொஞ்சம் கிட்டே என்று ஊர்ந்தேன். ஒரு பருந்து எழும்பியது. பின்னாலேயே எல்லாம் எழும்பின. இருட்டும்வரை மேலே சுற்றிவிட்டு எங்கோ போய்விட்டன. மறுநாளும் அதற்கு மறுநாளும் போய்த் தூரத்தில் நின்று பார்த்தேன். அந்தத் தரிசுக்கு அவை வரவில்லை.

அங்கே படுத்துக் கிடந்தபோது நான் எந்தத் தப்பும் செய்வதாக எனக்குத் தோன்றவே இல்லை. பருந்து எழும்பியதால்தான் தெரிந்தது. அதற்கு இன்னொரு தரிசு இருந்தது, மறுத்துவிட்டுப் போனது. கூட்டு மரத்தடியில் நான் இதையே செய்திருந்தால்? ஆண் இருவாச்சி தயங்கும், சுற்றும், நேரம் கழித்தாவது பழத்தோடு வரும். “பயப்படவே இல்ல மாப்ள, நம்மளப் பழகிருச்சு” என்று நாங்கள் சொல்லியிருப்போம். போக வழியில்லாமல் நிற்பதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது மனிதர்களிடமும் நாம் செய்வதுதான். தையல் மெஷினுக்கு முன்னால் ராத்திரி பதினோரு மணிக்கும் உட்கார்ந்திருக்கிறவர்களைக் காட்டி “பிரியப்பட்டுத்தான் பாக்காங்க” என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான்.

இப்போது எனக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. வெறுங்கையோடு திரும்பச் சம்மதம் இருந்தால் போகலாம். நண்பர்களிடம், வருகிறேன், ஆனால் கூட்டு மரத்தடியில் உட்கார மாட்டேன் என்றேன்.

“அவ்வளவு காசையும் போட்டுட்டு ஒண்ணுமில்லாம வரணும்ங்கியா?”

“ஒருவேளை.”

“அப்போ எதுக்குலே வார?”

அனுமதிக்கு நாங்கள் எழுதத் தொடங்கிய கடிதம் அந்த நோட்டில் அப்படியே இருக்கிறது. “பயணத்தின் நோக்கம்” என்று எழுதி, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறோம். தமிழில் நோக்கம் என்றால் பார்வையும்தான், எண்ணமும்தான். அந்த இடத்தில் எதை எழுதினால் பொய்யாகாது என்று இன்னும் தெரியவில்லை. தருவைக்குளத்துப் பெரியவரிடம் படித்துக் காட்டக்கூடிய ஒரு வரி கிடைக்கட்டும் என்று இருக்கிறேன்.