வண்டி போன வழி



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், நம் பங்கைச் சேர்ந்த டாக்சி டிரைவர் ஒருவர் புதிதாக வாங்கிய காரை மந்திரிக்கக் கொண்டுவந்தார். ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தபின், உள்ளே இருந்த சிவப்புப் பட்டனைக் காட்டி இது என்னவென்று கேட்டேன். ஆபத்து வேளையில் பயணிகள் அழுத்துவதற்கு என்றார். அதோடு, வண்டி இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் சிறு பெட்டி ஒன்றும் உள்ளே பொருத்தியிருப்பதாகச் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்.

"சாமி, பதினைந்து வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். யாரை எங்கே இறக்கிவிட்டேன் என்று என் வீட்டுக்காரியிடம்கூடச் சொன்னதில்லை. இந்தப் பெட்டி எல்லாவற்றையும் சர்க்காருக்குச் சொல்லிவிடுமாமே? இது சரிதானா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவருக்குச் சொல்லவேண்டியதை இன்று உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பெட்டி எதற்காக வந்தது? 2012-ம் வருஷம் டிசம்பர் 16-ந் தேதி இரவு, டில்லியில் ஓடும் பஸ்ஸில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை யாரும் மறக்கவில்லை. அதற்குப் பின், பயணிகளின், விசேஷமாய்ப் பெண்களின் பாதுகாப்பை முன்னிட்டு, பஸ், டாக்சி முதலிய பொது வாகனங்களில் இடங்காட்டும் கருவியும் அபாயப் பட்டனும் இருக்கவேண்டும் என்று மத்திய சர்க்கார் 2016-ல் விதி செய்தது. 2019 ஜனவரி முதல் பதிவாகும் வண்டிகளுக்கு இது கட்டாயமாயிற்று. ஆட்டோ ரிக்ஷாக்களுக்கு விலக்கு உண்டு. நோக்கம் நல்லது. அதில் சந்தேகமில்லை.

வானத்திலுள்ள செயற்கைக் கோள்கள் நம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. கோள்கள் தாங்கள் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் மட்டுமே அறிவிக்கின்றன. பெட்டிதான் அதைக் கொண்டு கணக்குப் போட்டுத் தன் இடத்தை அறிந்து, கைப்பேசியில் இருப்பது போன்ற சிம் மூலமாகக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அனுப்புகிறது. ஆகவே நம்மைக் கவனிப்பது வானம் அல்ல. நிலையத்தில் கணக்கை வைத்திருக்கும் மனிதர்களே. மனிதர் கையில் இருக்கும் காரியம் என்பதால்தான் இதில் நன்மை தீமை என்ற கேள்வி எழுகிறது. சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். 2021 பிப்ரவரி முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயம். எந்தச் சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தோம் என்பது அதில் பதிவாகிறது.

"மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? யோக்கியனுக்கு என்ன கவலை?" என்று சிலர் கேட்பார்கள்.

யோசித்துப் பாருங்கள். மடியில் இருக்கும் கனமெல்லாம் திருட்டுப் பொருளா? காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் தாய், மகளுக்கு வரன் பார்த்துவிட்டு இன்னும் முடிவாகாமல் திரும்பும் தகப்பன், நகையை அடகு வைக்கப் போகும் குடும்பஸ்தன், குடியை விடச் சிகிச்சைக்குப் போகும் வாலிபன், இவர்களில் குற்றவாளி யார்? ஒருவரும் இல்லை. ஆனாலும் ஊர் அறிந்தால் இவர்கள் தலைநிமிர்ந்து நடப்பது கஷ்டம்.

"பொதுச் சாலையில் போகிற வண்டியை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமே?" என்பது அடுத்த ஆட்சேபம். ஒரு நாள் ஓரிடத்தில் பார்ப்பது வேறு. பல நாள் விடாமல் பின்தொடர்ந்து ஏட்டில் குறிப்பது வேறு. அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 2012 ஜனவரியில் இப்படிப்பட்ட ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. போதை மருந்து வியாபாரத்தில் சந்தேகிக்கப்பட்ட ஒருவர் ஓட்டிய ஜீப்பின் அடியில் போலீசார் ஜி.பி.எஸ். கருவியை ஒட்டி, 28 நாள் அது போன வழியையெல்லாம் குறித்துக்கொண்டார்கள். வாஷிங்டன் நகர எல்லைக்குள், 10 நாளுக்குள் பொருத்தவேண்டும் என்பதே நீதிபதியின் அனுமதி. அவர்கள் பொருத்தியதோ 11-ம் நாள், பக்கத்து மேரிலாந்து மாநிலத்தில். காரணங்களில் வேறுபட்டாலும், அது அரசியல் சட்டத்தின் கட்டுக்குள் வரும் சோதனையே என்பதில் ஒன்பது நீதிபதிகளும் ஒன்றாயிருந்தார்கள். அந்த மனிதர் நல்லவரா கெட்டவரா என்பது அங்கே கேள்வியல்ல. சந்தேகத்துக்குரியவனுக்குக் கிடைக்காத பாதுகாப்பு, நம்மேல் சந்தேகம் விழும் நாளில் நமக்கும் கிடைக்காது.

குருமடத்தில் நாங்கள் படித்த ஒழுக்க சாஸ்திரம் இரகசியத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது. வெளிப்பட்டால் பிறருக்குக் கேடு வரும் என்பதால் தானாகவே காக்கவேண்டியது ஒன்று. தெரிந்தபின் 'சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுத்தது இரண்டாவது. காப்பாய் என்று நம்பியே ஒருவர் நம்மிடம் ஒப்படைத்தது மூன்றாவது. வைத்தியரிடமும் வக்கீலிடமும் நாம் சொல்வது இந்த மூன்றாவது வகை. மற்ற இரண்டையும்விட இதன் கடமை பெரிது.

வண்டி போன வழியும் இப்படி ஒப்படைக்கப்பட்டதே என்பது என் அபிப்பிராயம். ஆபத்தில் உதவி வரட்டும் என்று பயணி கொடுக்கிறாள். சுங்கம் செலுத்துவதற்காகக் கார்க்காரர் கொடுக்கிறார். அதற்கு மேல் அல்ல. ஊருக்குப் போகும் அடுத்த வீட்டுக்காரி, கோழிக்குத் தீனி போடச் சொல்லி உங்களிடம் சாவியைக் கொடுக்கிறாள். நீங்கள் அந்தச் சாவியால் உள்ளே போய் அவள் பீரோவைத் திறந்து பார்க்கிறீர்கள். ஒன்றையும் எடுக்கவில்லை. அது குற்றமில்லையா? ஒரு காரியத்துக்காகக் கொடுத்த சாவியை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியதே நம்பிக்கைத் துரோகம்.

ஆனால் எந்த இரகசியத்தையும் எந்தக் காலத்திலும் திறக்கக் கூடாதா? அதுவும் சரியல்ல. கடத்தப்பட்ட குழந்தை ஒரு காரில் இருக்கிறது என்றால், அந்த வண்டி போன வழியைப் பார்ப்பது கடமை. அதற்கு உண்மையான, குறிப்பான காரணம் வேண்டும். தேடுகிறவரே அனுமதிப்பவராகவும் இருக்கக் கூடாது. தேவையான அளவுக்கு மேல் எடுக்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது.

நம் நாட்டுச் சட்டம் இந்த இடத்துக்கு வந்துசேர வெகு காலம் பிடித்தது. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் 1941-ல் கொள்ளை வழக்கொன்றில் பிடிபட்டு, சாட்சியம் இல்லாததால் விடுவிக்கப்பட்டார். அப்படியும் போலீசார் அவர் பெயரைக் கண்காணிப்பு ஏட்டில் எழுதி, இரவில் வந்து கதவைத் தட்டினார்கள். 1962-ல் சுப்ரீம் கோர்ட் அந்த இரவு வருகையைத் தடுத்தது. ஆனால் அந்தரங்கம் நம் அரசியல் சட்டம் தரும் உரிமையல்ல, நடமாட்டத்தைக் கவனிப்பதில் தவறில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். நீதிபதி சுப்பாராவ் மாறுபட்டார். 55 வருஷம் கழித்து, 2017 ஆகஸ்ட் 24-ந் தேதி, ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஆயினும் 2023-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தகவல் பாதுகாப்புச் சட்டம், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காகத் தான் அறிவிக்கும் சர்க்கார் அமைப்புகளுக்கு விலக்களிக்க மத்திய சர்க்காருக்கே அதிகாரம் கொடுத்திருக்கிறது. கதவுக்குப் பூட்டு வந்துவிட்டது. சாவி யார் கையில் என்பதை நாம் விழிப்பாய்க் கவனிக்கவேண்டும்.

சர்க்காரைக் கேட்குமுன் நம்மையும் கேட்டுக்கொள்வோம். வேலை நேரம் முடிந்தபின்னும் டிரைவர் எங்கே போகிறான் என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்கும் முதலாளிகள் உண்டு. மனைவியின் ஸ்கூட்டரில் அவளுக்குத் தெரியாமல் கருவி வைக்கும் கணவனும் உண்டு. வீட்டில் நாம் செய்வதை நாட்டில் சர்க்கார் செய்யலாகாது என்று எந்த வாயால் சொல்வோம்?

அந்த டிரைவரை நேற்று மறுபடி கண்டேன். "பெட்டியைக் கழற்றாதே, அது நடு இரவில் தனியாக ஏறும் பெண்ணுக்குக் காவல்" என்றேன். "பதினைந்து வருஷமாக நீ காத்துவந்த மௌனத்தையே அந்தக் கணக்கை வைத்திருப்பவர்களும் காக்கவேண்டும். அதை உன்னைப்போன்றவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். இதைக் கேட்பது ராஜத் துரோகம் அல்ல, குடிமகனின் கடமை."

சற்று நேரம் பேசாமல் நின்றார். "அப்படியானால் நான் இத்தனை நாள் செய்தது சரிதான், சாமி" என்று சொல்லி வண்டியை எடுத்தார். எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை.

உங்கள் பங்குச் சுவாமி