துணை நிற்றலின் அறம்

பந்தயத்தில் வென்றவனின் பெயரை உலகம் அறியும். அவன் வரும் வழியில் நீர்ப்புட்டியோடு காத்து நின்றவரின் பெயரை அறியாது. 1988இல் சியோலிலும் 1992இல் பார்சலோனாவிலும் நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் மலேசியாவின் சார்பில் மிதிவண்டி ஓட்டிய முருகையன் குமரேசனின் பெயர் ஏட்டில் நிலைத்திருக்கிறது. ஆனால், எந்த வீரனுக்கும் பின்னால் நின்ற தாய், தந்தை, உடன்பிறந்தாரின் பெயர்கள் அந்த ஏட்டில் ஏறுவதில்லை. இது முறையா என்பதன்று இங்கு நம் வினா. ஓடுபவனுக்கு விதிகள் இருப்பதுபோல், துணை நிற்பவருக்கும் ஓர் அறம் உண்டா? உண்டெனில் அதன் எல்லை யாது?

கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் வழியாகச் சபாக் பெர்ணம் வரை செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளமுடையது. மேடு பள்ளம் மிகுதியில்லாத சாலை. 1996இல் தொடங்கிய லங்காவி மிதிவண்டிச் சுற்றுப் போட்டியின் 2022ஆம் ஆண்டு ஓட்டத்தில் நான்காம் கட்டம் சபாக் பெர்ணமிலிருந்தே புறப்பட்டது. பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இத்தகைய சாலையில் வெயிலே மலையாகிவிடும். கடுமையாக மிதிப்பவனின் உடல் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வையை இழக்கக்கூடும். உரிய நேரத்தில் நீரும் உணவும் கிட்டாவிடில் எத்துணை வலிய காலும் சோர்ந்துவிடும். பெரிய அணிகளுக்கு வண்டியும் பழுது பார்ப்போரும் உண்டு. எளிய வீட்டு இளைஞனுக்கோ குடும்பமே அணி. அண்ணன் சங்கிலிக்கு எண்ணெய் இடுகிறான். அக்காள் வாழைப்பழம் கட்டித் தருகிறாள். தந்தை மோட்டார் சைக்கிளில் முன்னே சென்று மரநிழலில் காத்து நிற்கிறார்.

இந்த உதவியையே தவறெனக் கருதிய காலமும் இருந்தது. 1913ஆம் ஆண்டு பிரெஞ்சு மிதிவண்டிச் சுற்றுப் போட்டியில் யூஜின் கிறிஸ்தோஃப் என்னும் வீரரின் வண்டியில் முன் சக்கரத்தைத் தாங்கும் கவை மலைச்சரிவில் முறிந்தது. அவர் வண்டியைத் தோளில் சுமந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, ஓர் ஊரின் கொல்லன் உலையில் தம் கையாலேயே அதைச் செப்பனிட்டார். ஆயினும், ஒரு சிறுவன் துருத்தி ஊதினான் என்பதற்காக அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. துருத்தி ஊதுவதும் குற்றமானால் மனிதர் கூடி வாழ்வதற்குப் பொருளே இல்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2015இல் ஸ்பெயின் நாட்டுச் சுற்றுப் போட்டியில் வின்சென்சோ நிபாலி தம் அணியின் காரைப் பற்றிக்கொண்டு சென்றதால் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டார். முந்திய ஆண்டுதான் பிரெஞ்சுப் போட்டியில் வாகை சூடியவர் அவர். கார் நீட்டிய உதவியும் உதவிதானே என்று வாதிடலாம். ஆனால், நீர்ப்புட்டி ஓடுபவனின் ஆற்றலைக் காக்கிறது. காரோ அவனது ஓட்டத்தையே பறித்துக்கொள்கிறது. முன்னது துணை, பின்னது மாற்று. 1970இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற நம் நாட்டு வீரர் இங் ஜூ இங்கானின் மகன் யோங் லியும் மிதிவண்டி வீரரே. தங்கம் வென்ற தந்தையாயினும் மகனுக்குத் தம் அறிவைத் தரலாம். தம் கால்களைத் தர இயலாது.

எல்லை இவ்வளவுதானா? துணை நிற்பவரின் பக்கமிருந்தும் ஒரு கேள்வி எழுகிறது. 1934ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் போட்டியில் இருபது வயது இளைஞர் ரெனே வியெத்தோ, தம் அணித்தலைவர் அந்தோனின் மாஞின் சக்கரம் பழுதுற்றபோது தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். மறுநாளும் வந்த வழியே திரும்பிச் சென்று தம் வண்டியையே அளித்தார். மாஞ் வெற்றி பெற்றார். வியெத்தோ ஐந்தாம் இடத்தில் நின்றார். சாலையோரக் கற்சுவரில் அமர்ந்து அவர் அழுததையும் உலகம் மறக்கவில்லை. தியாகத்தைப் புகழும் நாம் அக்கண்ணீருக்கு என்ன விடை கூறுவோம்?

நம் தோட்டங்கள் இக்கேள்வியை நன்கறியும். 1917இல் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டமாக உருவெடுத்த தென்னமரம் தோட்டம் இவ்வட்டாரத்தில்தான், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில், இருக்கிறது. அதன் பெயரே தமிழ்ப் பெயர். இத்தகைய தோட்டங்களின் லயன் வீடுகளில், தம்பி படிக்க வேண்டும் என்பதற்காகப் பள்ளியை விட்டுப் பால்மரம் சீவச் சென்ற தமக்கையர் பலர். அவர்களைத் தியாகச் சுடர்கள் என்கிறோம். அவர்களை யாரேனும் கேட்டார்களா? தானே கொடுத்தால் அது கொடை. கேளாமல் எடுத்தால் அது பறிப்பு. ஒருவன் முன்னேற இன்னொருத்தியின் சக்கரத்தைக் கழற்றும் குடும்பம், அன்பின் பெயரால் அநீதி செய்கிறது.

திருக்குறளின் அரசியல் பகுதியில் ‘சுற்றந்தழால்’ 53ஆம் அதிகாரமாகவும் ‘ஆள்வினையுடைமை’ 62ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. சுற்றத்தைத் தழுவுதலும் தன் முயற்சியில் தளராமையும் ஒரே பகுதியில் இடம்பெறுவது சிந்திக்கத்தக்கது. முயற்சி இல்லாதவனுக்குச் சுற்றம் ஊன்றுகோலாகிவிடும். சுற்றம் இல்லாதவனுக்கு முயற்சி தனிமையாகிவிடும்.

இறுதியாக ஒன்று. தோற்று வரும் மகனிடம், “உனக்காக எவ்வளவு செய்தோம்!” என்று கூறும் நொடியில், கொடுத்த நீரெல்லாம் கடனாக மாறிவிடுகிறது. தேர்வில் தவறிய மாணவனிடமும் இதே சொல்லை நாம் கூறிவிடுகிறோம். துணையின் தூய்மை வெற்றி விழாவில் தெரிவதில்லை. கடைசியாக வருபவனுக்கும் அதே நீர்ப்புட்டியை நீட்டும் கையில் தெரிகிறது. ஓடுபவனின் ஓட்டம் அவனுடையதாகவே இருக்கட்டும். துணை நிற்பவரின் வாழ்வும் அவருடையதாகவே இருக்கட்டும். இருவரும் முழு மனிதராக நிற்கும் இடத்தில்தான் உறவு அறமாகிறது.