உறைபனியும் ஸுபுஹுத் தொழுகையும்



சென்ற ஜனவரியில் சில நாட்கள் உதகமண்டலத்தில் தங்கியிருந்தோம். முதல் நாள் ஸுபுஹு பாங்கு காதில் விழுந்தது. போர்வையை விலக்க மனம் வரவில்லை. ‘வெந்நீர் காயட்டும்’ என்று கிடந்தோம். ஜமாஅத் தவறிப்போயிற்று. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

விடிந்ததும் தலைக்குந்தாப் பக்கம் நடந்தோம். புல்வெளி உப்பளம் போல் வெளுத்துக் கிடந்தது. தெளிந்த வானமுள்ள இரவில் நிலத்தின் சூடு மேலே போய்விடும். குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கும். அங்கே பனி உறைந்துவிடும். ஆனால் அந்தப் புல் சாவதில்லை. மேலே கருகினாலும் வேர் உயிரோடிருந்து, மழை விழுந்ததும் தளிர் விடுகிறது.

மலை மடிப்பில் சோலைக்காடு. அதன் மரக்கன்று திறந்த வெளியில் முளைத்தால் உறைபனியில் கருகிப்போகும். பெரிய மரங்களின் நிழற்கூரைக்குள் அத்தனை குளிர் இறங்காததால் அங்கே பிழைத்துக்கொள்கிறது. புல்லும் சோலையும் கோடு கிழித்தாற்போல் பிரிந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பர். (காட்டுத் தீயைக் காரணம் சொல்வோரும் உண்டு.) அந்தக் கோட்டைத் தாண்டிப் புல்வெளியிலே தன்னந்தனியாக நிற்கிறது காட்டுப்பூவரசு. தடித்த பட்டையும் தோல் போன்ற இலையும் அதற்கு வாய்த்திருக்கின்றன. எல்லாம் நடுங்கும் இந்தக் குளிர்காலத்தில்தான் அது செக்கச்செவேலென்று பூக்கிறது! வெகுநேரம் அதன் முன் நின்றோம்.

முக்குருத்தி மலையில் வரையாடுகள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் குட்டி ஈனுகின்றன. கனமழை வருவதற்குள் குட்டிகள் காலூன்றிவிடும். இமயமலைக் குளிருக்கு ஆற்றாத சாம்பல் வாலாட்டிக் குருவி இங்கே வந்து தங்குகிறது. கீழே முதுமலையில் கோடை வந்தால் மரங்கள் இலையை உதிர்த்து நீரை மிச்சப்படுத்துகின்றன. யானைகள் தண்ணீர் தேடி இடம் மாறுகின்றன.

இவற்றுக்கெல்லாம் வழி வைத்த நாயன், நமக்கு வைக்காமலா விட்டான்? ஒளுவுடன் அணிந்த தோலுறையின் மீது, ஊரில் இருப்பவர் ஒரு பகல் ஓர் இரவும், பிரயாணி மூன்று பகல் மூன்று இரவும் மஸ்ஹு செய்ய அனுமதி இருக்கிறது. ஹிஜ்ரி 8-ல் தாத்துஸ் ஸலாஸில் போரின்போது கடுங்குளிர் இரவில் ஹள்ரத் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் குளிப்புக் கடமையாயிற்று. குளித்தால் உயிருக்கே ஆபத்து என்றஞ்சி, தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழவைத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் விசாரித்து, காரணத்தைக் கேட்டபின் புன்னகைத்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. (இவற்றின் நிபந்தனைகளில் மத்ஹபு வேறுபாடு உண்டு. உள்ளூர் ஆலிமிடம் கேட்டுத் தெளிக.)

நாமோ சலுகையையும் எடுப்பதில்லை, கடமையையும் செய்வதில்லை. குளிரைக் குறைசொல்லிப் போர்வையை இழுத்துக்கொள்கிறோம். கொழுந்து பறிக்கப் போகும் தோட்டத்துப் பெண்களின் வீடுகளில் அந்நேரமே அடுப்புப் புகைந்துகொண்டிருக்கிறது.

மறுநாள் இரவு படுக்குமுன் பிளாஸ்க் நிறைய வெந்நீர் ஊற்றித் தலைமாட்டில் வைத்தோம். ஸுபுஹு வேளையில் அது கைபொறுக்கும் சூட்டில் இருந்தது.